கஜபதிக்கு வந்த இங்கிலீஷ் கடிதம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் சில்லறைத் தப்புக்கெல்லாம் தமிழிலேயே திட்டிவிடுவார்கள். இங்கிலீஷில் டைப் அடித்துக் காகிதம் வந்தால் மெமோ. மெமோ வந்தால் மூன்று நாளில் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். லேத் ஓட்டுகிற கஜபதி கேட்டதென்னவோ வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு. தங்கை வடிவின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். லீவுக்குப் பதில் இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம் வந்ததும் மனுஷன் ஆடிப்போனான். என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல், இனிமேல் செய்ய மாட்டேன் என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டு டைம் ஆபீஸ் கிளார்க் பாஸ்கலிடம் போய் இரண்டையும் நீட்டினான்.

பாஸ்கல் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது மெமோ இல்ல மாமே. மேனேஜர் உன்ன இன்டிஸ்பென்சபிள்னு எழுதிகீறாரு."

"அப்டின்னா இன்னா?"

"நீ இல்லாட்டி இங்க வேலையே நடக்காதாம். அதனால லீவு கெடையாதாம்."

பதினோரு வருஷத்தில் ஒருத்தரும் அவனைப் பற்றிச் சொல்லாத வார்த்தை. கஜபதிக்கு உச்சி குளிர்ந்தது. மறுநிமிஷமே தங்கை ஞாபகம் வந்தது. போகாவிட்டால் வடிவு ஜென்மத்துக்கும் அவன் முகத்தில் விழிக்க மாட்டாளே!

"அந்த வார்த்தைய எங்கெங்க சொல்லலாம்?"

"எது இல்லாம ஒரு காரியம் ஆவாதோ, அதுக்கெல்லாம் சொல்லலாம்."

வழியெல்லாம் வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டே கஜபதி நேரே மேனேஜர் இராமகிருஷ்ணன் அறைக்குள் போனான்.

"சார், காதுகுத்துக்குத் தாய்மாமன் இன்டிஸ்பென்சபிள் சார்."

மேனேஜர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரியான எடத்துலதான்யா போட்டிருக்க," என்று லீவு பாரத்தில் கையெழுத்துப் போட்டார். "ஒரு நாள்தானே, பக்கத்து மெஷின் கோவிந்தன் பாத்துக்குவான்."

லீவு கிடைத்ததே, சந்தோஷப்பட வேண்டியதுதானே? கோவிந்தன் பார்த்துக்கொள்வான் என்றது சுருக்கென்று தைத்துவிட்டது. நெமிலிச்சேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ரயிலில் போகும்போதும் முகத்தை உம்மென்றே வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை ஆசாரி காதில் ஊசியை இறக்கியதும் குழந்தை வீறிட்டது. வடிவு தூக்கப் போனாள். வர மாட்டேன் என்று மாமன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அப்பன் கை நீட்டினான், அதற்கும் அசையவில்லை. கஜபதியின் கோபம் போன இடம் தெரியவில்லை. கோவிந்தனை அனுப்பி இந்த வேலையைப் பார்க்க முடியுமா என்ன!