மெத்தென்ற நாற்காலி

கடைக்காரர் அளவு நாடாவோடு அப்பாவின் காலடியில் குந்தி உட்கார்ந்தார். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்தார்.

"பதினெட்டு அங்குலம். இதைவிடத் தாழ்வா மட்டும் வாங்கிடாதீங்கம்மா," என்றார் மகளிடம். "உக்காரும்போது எல்லா நாற்காலியும் சொகமாத்தான் இருக்கும். பெரியவங்க எந்திரிக்கும்போதுதான் அதோட குணம் தெரியும்."

அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கால்கள் அவை. எழுபத்தெட்டு வயதில், ஒரே மாதத்தில் இரண்டு முறை வீட்டில் விழுந்துவிட்டார். முதல் முறை பக்கத்து வீட்டம்மா போன் செய்ய, மகள் பாதி வேலையில் ஓடி வந்தாள். இரண்டாவது முறை யாருக்கும் தெரியவில்லை. அவள் வரும்வரை மூன்று மணி நேரம் சமையலறைத் தரையில் கிடந்தார்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். இன்னொரு முறை லீவு என்று வந்து நின்றால் அப்படியே வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வெளியூரில் இருந்த தம்பி போனில் வக்கணையாகப் பேசினான். "அப்பாவைத் தனியா விடாதக்கா." யாரோடு விடுவது என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

கடைக்காரர் உயரமான, கெட்டி மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பா அதில் உட்கார்ந்து, கைப்பிடியை ஊன்றி, தானாகவே எழுந்தார். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். முகமெல்லாம் பெருமை.

பிறகு மூலையில் கிடந்த பெரிய மெத்தை நாற்காலி அவர் கண்ணில் பட்டது. "பாப்பா, அதுல ஒரு தடவை உக்காந்து பாக்கறேன்." நாற்பத்தாறு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

அதில் அவர் இடுப்புவரை அமிழ்ந்துபோனார். "பஸ் முதலாளி ஆயிட்டேன்," என்று சிரித்தார். எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு ஓர் அங்குலம் எழும்பித் திரும்ப விழுந்தது. இன்னொரு முறை முயன்றார். முடியவில்லை.

"பாத்தீங்களா? இதுல ஆள் துணையில்லாம எந்திரிக்கவே முடியாது. வேணாம்மா," என்றார் கடைக்காரர்.

அவள் அப்போதுதான் அந்த நாற்காலியைச் சரியாகப் பார்த்தாள். எழுந்தால்தானே விழுவார்.

"இதுவே இருக்கட்டும்," என்றாள்.

அப்பா அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "பாப்பா சொன்னா சரி," என்றார். கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார்.

அவளைத் திட்டுவது சுலபம். திட்டுகிறவர்கள் யாரும் ஒரு பகல் வந்து அவர் பக்கத்தில் உட்காரப்போவதில்லை. காலையில் அவரை நாற்காலியில் இருத்தி, பக்கத்தில் மதியச் சாப்பாடு, தண்ணீர், டிவி ரிமோட், சிறுநீருக்கு ஒரு பாட்டில் என்று எல்லாவற்றையும் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுப் போவாள். மாலையில் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குவாள். அவர் விழவே இல்லை. அவளும் லீவு கேட்கவில்லை.

முதல் இரண்டு வாரம் மாலைகளில் கைப்பிடித் துணி கசங்கி, வியர்வையில் ஈரமாக இருந்தது. முயன்று பார்த்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து துணி கசங்கவே இல்லை.

ஒரு நாள் அவர் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார். "பாட்டில் கைதவறிடுச்சு பாப்பா. மன்னிச்சுக்கோ," என்றார். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனாள்.

நாலாவது மாதம் இடுப்புக்குக் கீழே புண் வைத்தது. சக்கர நாற்காலியில் வைத்து டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். டாக்டர் அவர் கால்களைத் தடவிப் பார்த்தார். தொடையில் பிடிக்கச் சதையே இல்லை.

"எலும்பு எதுவும் முறியல. ஆனா கால் இப்படி வத்திப்போயிருக்கே. எப்பலேருந்து நடக்கல?"

"விழுந்ததுலேருந்து," என்றாள்.

டாக்டர் நம்பாமல் அப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்படியா பெரியவரே? விழுந்தப்புறம் நடக்கவே இல்லையா?"

"ஆமாங்க டாக்டர்," என்றார் அப்பா. "பாப்பா பாவம், தினமும் கையப் புடிச்சு நடக்க வெச்சுப் பாத்தா. நான்தான் பயந்துக்கிட்டு மாட்டேன்னுட்டேன்."

"பொண்ணு இவ்வளவு கஷ்டப்படுது. நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்க வேணாமா?"

அவள் வாயைத் திறந்தாள். அப்பா சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கிய அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தப்புதாங்க," என்றார் டாக்டரிடம்.