பாப்பம்மாவின் நலங்குப் பாட்டு

நர்ஸ் பியாட்ரிஸ் தெருவில் நுழைந்தால் பாப்பம்மா ஓடி ஒளிந்துகொள்வாள். தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நந்திதுர்க் லைன் வீடுகளில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை.

பாப்பம்மாவின் கன்னத்துக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. புகையிலையை விடாவிட்டால் புற்றாக மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விட வைக்கும் பொறுப்பு, வீடு வீடாகப் போகும் பியாட்ரிஸுடையது. அவளும் பயங்கரமான படங்களைக் காட்டினாள், மிரட்டினாள், சத்தியம்கூடக் கேட்டாள். பாப்பம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நர்ஸ் தெருமுனை தாண்டியதும் ஒரு துண்டு கிள்ளி வாயில் அடக்கிக்கொள்வாள்.

அன்று ஓட நேரமில்லை. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குந்திவிட்டாள். டிரம் ஒல்லி, பாப்பம்மா அப்படியல்ல. இரண்டு பக்கமும் சேலை பிதுங்கியது. பியாட்ரிஸ் சிரித்துவிட்டாள். டிரம்முக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது.

"வெளிய வாங்கக்கா. இன்னிக்குப் படம் எதுவும் கொண்டாரல."

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். பியாட்ரிஸ் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"பொயிலை போட்டா உங்களுக்கு இன்னாக்கா நல்லா இருக்குது?"

பாப்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டலில்லை என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்டுக்கு எறங்கிடறாரு. கீழ பாறை வெடிச்சா இங்க பாத்திரமெல்லாம் ஆடுது. நெஞ்சு பதறுது நர்சம்மா. ஒரு துண்டு அடக்கிக்கினா கொஞ்சம் அடங்குது."

பியாட்ரிஸுக்கு நாக்கு நுனிவரை புத்திமதி வந்தது. விழுங்கிக்கொண்டாள். பாப்பம்மாவே தொடர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு. வாய் எரியுது. முழுசாத் தொறந்து பாட முடியல. தை மாசம் எம்பொண்ணு வள்ளிக்குக் கல்யாணம். இந்த லைன்ல எல்லார் வூட்டு நலங்குக்கும் நான்தான் பாடுனேன். எம்பொண்ணுக்குப் பாடாம இருப்பேனா?"

"அப்போ நீங்களே சொல்லுங்க. எந்த நேரத்துப் பொயிலைய விடறது சுலுவு?"

பாப்பம்மா யோசித்தாள். "காலைல இட்லி ஊத்தறப்போ போடறது. அது சும்மா பழக்கம்."

அங்கிருந்து தொடங்கினார்கள். புகையிலைக்குப் பதிலாக மெல்ல வறுத்த சோம்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். காலைப் புகையிலை போயிற்று, பிறகு மத்தியானப் புகையிலையும்.

ஒரு நாள் பாப்பம்மா தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். "நேத்து ராத்திரி நெலம் ஆடிச்சு. கையில இருந்ததெல்லாம் போட்டுட்டேன். திட்டுங்க."

"இத்தன நாளு கொறச்சிக்கினு இருந்தீங்களே, அது எங்கக்கா போயிடும்? மறுபடி ஆடுனா இன்னா பண்ணலாம்?"

"பக்கத்து வூட்டு ரத்தினம்மாவும் முழிச்சிக்கினுதான் இருப்பா," என்றாள் பாப்பம்மா. "அவகிட்டப் போயிடறேன்."

போனாள். ரத்தினம்மாவோடு பாட்டை ஒத்திகை பார்த்தாள். மற்ற நைட் ஷிப்டு வீட்டுப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பாட்டுச் சத்தத்தில் நிலம் ஆடியது சில நாள் தெரியவேயில்லை. ராத்திரிப் புகையிலையும் போயிற்று.

மார்கழிக் கடைசியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளை நன்றாக மங்கியிருந்தது. மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார்.

கல்யாணத்தன்று பாப்பம்மா வாயை அகலத் திறந்து, கோரமண்டல் லைனிலிருந்து வந்த மாப்பிள்ளையின் காதையும் மீசையையும் பாட்டிலேயே கிழித்துத் தொங்கவிட்டாள். மாப்பிள்ளையே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பியாட்ரிஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்போ நர்சம்மா பாடுவாங்க!"

"ஐயோ, எனக்கு மாதா கோயில் பாட்டுதான்க்கா தெரியும்!"

"அதுக்கு இன்னா? பாடுங்க!"

பியாட்ரிஸ் ஒரு கிறிஸ்துமஸ் மெட்டை எடுத்தாள். பெண்கள் அதற்கும் தாளம் தட்டினார்கள். வெட்கம் போனதும் அவள் குரல் தெருக்கோடி வரை கேட்டது.