மூன்று விசில்

விசில் செய்யும் தொழிற்சாலை புது ஷெட் போட்டதும் அங்கே ஏற்கெனவே மெஷின் ஓட்டும் மெஷின்காரரின் மனைவிக்கும் வேலை கிடைத்தது. அனுபவம் இல்லை, அனுபவம் இல்லை என்று ஊரிலுள்ள கம்பெனியெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிய அதே பெண்தான். புதிதாகச் சேர்க்கும் ஆளின் பாதிச் சம்பளத்தை அரசாங்கமே ஒரு வருஷம் கொடுக்கும் என்று ஒரு திட்டம் வந்ததே, அந்தப் புண்ணியம். அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சீருடையையும் கம்பெனி கொடுத்த விசிலையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் நகரவே மாட்டேன் என்கிறாள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. விசிலைக் காற்றுக்குழாயில் செருகி, காலால் பெடலை ஒரு தடவை அமுக்க வேண்டும். கூவினால் கூடையில் போட வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மெஷின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் யார் காதிலும் விழாது. அதனால் ஒரே விசில் அடுத்தடுத்து மூன்று முறை குட்டியாகக் கூவினால் எல்லா மெஷினையும் நிறுத்திவிட வேண்டும்.

மானியம் தருமுன் நேரில் பார்க்க அதிகாரி அம்மா வந்தார். வேறு கம்பெனிகளில் சொந்தக்காரர்களைப் பேருக்கு உட்கார வைத்து ஏமாற்றியதில் சூடுபட்டவர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் புது ஷெட்டுக்குப் பூட்டுதான் என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். அந்த அம்மா நேராக வந்து இவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். இவளுக்குக் கால் வெடவெடத்தது. காலோ பெடலில் இருந்தது.

பிப், பிப், பிப். மெஷின்கள் கப்சிப்.

மறுபடி ஓட்டினார்கள். மறுபடி கால் நடுங்கியது, மறுபடி கப்சிப். மூன்றாம் முறை மெஷின்காரர், யார் நிற்கிறார் என்பதையும் மறந்து ஓடி வந்தார்.

“ஒரு தடவை அமுக்குடின்னா மண்டையில ஏறாதா?”

“நான் என்ன வேணும்னா பண்றேன்? கால் ஆடுதுங்க.”

இருவரும் புருஷன் பெண்டாட்டி என்ற குட்டு வெளிப்பட்டது. அதிகாரி அம்மாவின் புருவம் மேலே ஏறியது. இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிடைத்த வேலை தன் காலாலேயே போகிறதே, கூடச் சேர்ந்த இத்தனை பேருக்கும் போகிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“வீட்டுக்காரம்மாங்கிறதாலதான் ஒவ்வொரு தடவையும் நிறுத்துனீங்களா?” என்று அதிகாரி அம்மா மெஷின்காரரைக் கேட்டார்.

“பொண்டாட்டி சொல்லி நான் எதைங்க நிறுத்தியிருக்கேன்? மூணு விசில் கேட்டா யாரு என்னன்னு பாக்க மாட்டோம். உள்ள யாரு கையாவது மாட்டியிருக்கும்.”

அந்த அம்மா நம்பவில்லை. மெஷின்களை ஓட்டச் சொல்லி, கூடையிலிருந்து ஒரு விசிலை எடுத்துத் தானே மூன்று தடவை ஊதினார். எல்லாம் நின்றது. பழக்க தோஷத்தில் முதலாளிகூட எடுத்த அடியை வைக்காமல் ஒற்றைக்காலில் நின்றார். அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி ஓட்டச் சொல்லி இன்னொரு முறை ஊதினார், ஆசை அடங்காமல் இன்னொரு முறையும் ஊதினார். ஷெட்டே சிரித்தது.

“பேருக்கு உக்காந்தவங்களை நிறையப் பாத்துட்டேன். கல்லு மாதிரி உக்காந்திருப்பாங்க. ஒருத்தருக்கும் கால் ஆடுனதில்ல.”

சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார். விசிலை மட்டும் திருப்பித் தரவில்லை.

அன்று மாலை சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்த மெஷின்காரர், பெடலை எப்படி அமுக்க வேண்டும் என்று பாடம் நடத்த ஆரம்பித்தார். அவள் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினாள். பேச்சும் நின்றது, வாய்க்குப் போன கையும் நின்றது.

“நாளைக்குக் காலைல எனக்கும் ஷிப்ட்டு. பாத்திரம் யாரு கழுவுறது?”

மனுஷன் தட்டைக் காலி செய்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.