நான்காம் எண் ரிசீவர்

சுயமதிப்பீட்டுப் படிவத்தில் பதினோராவது கேள்வி: 'விளக்கவுரை பார்வையாளர்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா?' ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தேன். பூட்டு மியூசியத்துக்காரர் அதைப் பென்சிலால் வட்டமிட்டார்.

சின்ன மியூசியங்கள் தமக்குத் தாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இன்னொரு சின்ன மியூசியத்துக்காரர் வந்து சரிபார்ப்பார். போன மாதம் நான் போய் அவருடைய பூட்டுகளைக் குடைந்துவிட்டு வந்தேன். இப்போது அவர் முறை. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது எங்களுடைய டெலிபோன் மியூசியம். எங்களுடையது என்ன, என்னுடையது. என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடமாகிறது. ஆனால் விளக்கவுரை பதிவாகியிருக்கும் நான்காம் எண் ரிசீவரை எடுத்தால் அவர்தான் பேசுவார். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் எடுப்பேன். "வணக்கம், வாங்க" என்பார். அதோடு வைத்துவிடுவேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா," என்றார் பூட்டுக்காரர். "பாதிக்கு இருமல்தான் கேக்குது. புதுசா நீங்களே பேசிடலாமே."

அந்தக் கருவியில் ஒரு குரலுக்குத்தான் இடம். நான் பேசினால் அவர் அழிந்துபோவார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"உங்க துருப்பிடிச்ச பூட்டையெல்லாம் நான் மாத்தச் சொன்னேனா?"

சொல்லியிருந்தேன். அறிக்கையில் இரண்டாம் பக்கம்.

நல்ல மனுஷன், அதைச் சொல்லிக் காட்டவில்லை. "முழுசா கேட்டுட்டுத்தான் மார்க் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். சுருக்கென்றது. பூட்டுக்காரர் கேட்டிருக்கிறார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உரை முடிந்த பிறகும் வைக்காமல், கடைசிவரை. இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கேட்டேன். வணக்கம், கம்பிகள், முதல் இணைப்பு, இருமல், மறுபடி இருமல். உரை முடிந்தது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு தூரத்தில் ஒரு பெண், எரிச்சலோடு: "முடிஞ்சுதா? வீட்டுக்குப் போலாம்."

நான்தான்.

"இது சரியா வரல. இருமல்தான் விழுந்திருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். "இன்னொரு தடவை எடுப்போமே."

"நல்லாத்தான் இருக்கு. யாரு உக்காந்து கேக்கப் போறா?"

"நாளைக்காவது எடுக்கலாமா?"

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று காதை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். சொல்லவில்லை. விளக்குச் சுவிட்சை அணைக்கிற சத்தம். வாசல் பக்கம் போகிற செருப்புச் சத்தம். அவர் கிளம்பவில்லை. அவருடைய மூச்சு மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"எடுக்கலாம்," என்றேன்.

ரிசீவருக்குள் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.