கூட்டமான வகுப்பே மேல்

மகன் பொன்னானை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று ராசிபுரத்து நெசவாளி சரவணமுத்துவும் மனைவி கந்தம்மாளும் ஒரு வாரமாக வாதாடினார்கள்.

"பெரிய பள்ளிக்கூடத்துல இவன் தூங்குனாலும் வாத்தியாருக்குத் தெரியாது புள்ளே. கோயில் தெருப் பள்ளிக்கூடத்துல நாலஞ்சு பேருதான்."

"கூட்டம் இருந்தாத்தானுங்க அடியும் பங்கு பிரிஞ்சு உழும்!"

அவர் கேட்கவில்லை. மறுநாள் மகனைக் கோயில் தெருப் பள்ளிக்கே அழைத்துப் போனார். அன்று பார்த்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறாராம். பிள்ளைகள் குறைந்தால் சர்க்கார் உதவிப்பணம் நின்றுவிடுமே என்று வாத்தியார் தவித்துக்கொண்டிருந்தார். பொன்னானைப் பாயில் உட்கார வைத்தவர், குள்ளமான சரவணமுத்துவையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் உக்காருங்க சாமி. மீசையை மட்டும் பொத்திக்கங்க!"

வந்த இன்ஸ்பெக்டரின் விரல் நேராகச் சரவணமுத்துவிடமே வந்து நின்றது.

"ஏழெட்டு எத்தனை?"

சரவணமுத்து மீசையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். வாயிலிருந்து கையை எடுக்காமலே முனகினார். "பல்லு வலிங்க!"

வீடு திரும்பியதும், "அங்கயே சேர்த்துட்டீங்களா?" என்றாள் கந்தம்மாள்.

"கூட்டமா இருக்கறதுலயே சேர்த்துடலாம் புள்ளே. ஆளு கம்மின்னா அப்பனையும் புடிச்சு உக்கார வெச்சுடறாங்க!"