கறுப்பு ஒயர்

மேசைமேல் வைத்தால் ஓடுகிற மோட்டார் படகில் ஏற்றினதும் செத்துப்போகிறது என்றால், அப்பாசாமிக்கு அது மோட்டார் கோளாறாகத் தெரியவில்லை. ஆள் கோளாறாகத்தான் தெரிந்தது.

செங்கம் ரோட்டில் முப்பது வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், ரைஸ்மில் மோட்டார், ட்ராக்டர் செல்ஃப் மோட்டார் என்று அவர் கை படாத மோட்டார் அந்தப் பக்கம் கம்மி. படித்தது மூன்றாம் வகுப்பு. யாரையும் நம்பமாட்டார். கடைக்கு வருகிறவன் கோளாறு என்னவென்று சொல்ல ஆரம்பித்தால், "தெரிஞ்சா நீயே பண்ணிக்கயேன், இங்க இன்னாத்துக்கு வந்தே?" என்பார்.

இந்தச் சனியன் அவர் கைக்கு வந்து மூன்று நாளாகிவிட்டது. வேங்கிக்கால் ராஜமாணிக்கம் சாத்தனூர் அணையில் படகு விடுகிறவர். பழைய பைபர் படகு. அதன் வாலில் காசிமேட்டில் வாங்கின ஒரு கிழட்டு அவுட்போர்டு எஞ்சின். விசிறி தண்ணீருக்குள் சுற்றும். பாறை தட்டுப்படும் இடம் வந்தால் பட்டனை அழுத்தி எஞ்சினை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். தூக்கி இறக்க ஒரு சாண் நீள மோட்டார் தனியாக உண்டு. அதுதான் பழுது. பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட் திறந்துவிடுகிற ரிலே 'டிக்' என்கிறது, அதோடு சரி.

படகு ராஜமாணிக்கம் வீட்டு வாசலில், ட்ராக்டர் ட்ரெய்லர்மேல் ஏறி நிற்கிறது. எஞ்சின் கீழே தொங்கியபடி ரோட்டில் இழுத்துப்போனால் முதல் வேகத்தடையிலேயே விசிறி உடைந்துவிடும். கையால் தூக்க ஒரு திருகு இருக்கிறது. அது துருவேறித் தலை மழுங்கிக் கிடந்தது. நாளைக்குக் காணும் பொங்கல். வருஷத்தில் அணைக்கு ஜனம் அள்ளிக்கொண்டு வருகிற நாள் அது ஒன்றுதான். இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள் அணை அதிகாரி முன்னால் படகைத் தண்ணீரில் ஓட்டிக் காட்டினால்தான் அனுமதி. இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஒருத்தர் படகு தயாராக நிற்கிறது.

முதல் நாள் கழற்றிப் பார்த்ததுமே அப்பாசாமி கோளாறைப் பிடித்துவிட்டார். மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் கட்டை இரண்டும் தேய்ந்து நகத்தளவு நின்றது. புதுசு அறுத்துத் தேய்த்துப் போட்டார். மோட்டாரிலிருந்து பேட்டரி வரைக்கும் நீளமாக ஒரு கறுப்பு ஒயர் ஓடியது. கடலில் ஓடின காலத்து உப்புத்தண்ணி பட்டு வெடித்துப்போயிருந்தது. அதை அறுத்துக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டு, குட்டையாக ஒரு துண்டை மோட்டார் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தாங்கியின் போல்ட்டிலேயே இறுக்கினார். எத்தனை ட்ராக்டரில் செய்திருக்கிறார். வண்டியின் பாடிதானே எர்த்.

அப்போது பக்கத்தில் நின்ற படகு டிரைவர் பரசுராமன், "மேஸ்திரி, அந்த ஒயரு எப்பவும் இருந்துதுங்க, இருக்கட்டுமே" என்றான். அப்பாசாமி நிமிரக்கூட இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

பொருத்தினார். டிக். கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பேட்டரியில் தொட்டார். ஜம்மென்று சுற்றியது. திரும்பப் பொருத்தினார். டிக். ரிலேயை மாற்றினார், பட்டனைப் பிரித்துச் சுரண்டினார், பேட்டரியை வேறு வண்டியிலிருந்து இறக்கினார். டிக். நேற்றுச் சாயங்காலம் போல்ட் தலையில் ஒரு புதுக் கீறல் கண்ணில் பட்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ கை வைத்திருக்கிறான். ராஜமாணிக்கத்தை ஓரமாகக் கூப்பிட்டார். உன் டிரைவர் எதிர்ப் படகுக்காரனோடு பேசி வைத்திருப்பான், நான் இல்லாத நேரத்தில் நோண்டுகிறான், என்றார். ராஜமாணிக்கமும் தூக்கமில்லாமல் கொதித்துக்கொண்டிருந்த ஆள். ஆறு வருஷமாகப் படகு ஓட்டினவனை, இனி இந்தப் பக்கம் வராதே என்று நாலு பேர் எதிரில் அனுப்பிவிட்டார். பரசுராமன் சாவியை ட்ரெய்லர்மேல் வைத்துவிட்டுப் போனான்.

இன்றைக்கு மாட்டுப்பொங்கல். டிரைவர் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் டிக்.

மணி பத்து. அப்பாசாமி டெஸ்ட் பல்பை எடுத்தார். ஒரு முனையைக் கரண்ட் வருகிற ஒயரில் வைத்து, மறு முனையைத் தாங்கி இரும்பில் வைத்தார். எரியவில்லை. பல்பு விற்ற மூர்த்தியைத் திட்டினார். ஆகாத பல்பை எல்லாம் கிழவன் தலையில் கட்டுகிறான் என்று சொல்லி வேறு பல்பு போட்டார். அதுவும் எரியவில்லை. இரண்டு பல்புமா போகும்? சும்மா பார்ப்போம் என்று மறு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. தாங்கிக்கு வந்தால் இருட்டு. மைனஸுக்குப் போனால் வெளிச்சம்.

ஸ்பானரால் படகைத் தட்டினார். டொப் டொப் என்றது. பிளாஸ்டிக் டிரம்மைத் தட்டுகிற சத்தம். இரும்பாக இருந்தால் ணங் என்றிருக்கும்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ட்ராக்டருக்கு உடம்பெல்லாம் இரும்பு, கரண்ட் எந்த வழியாகவும் வீடு திரும்பும். இது பைபர். தாங்கியில் விட்ட எர்த் தாங்கியிலேயே நிற்கிறது. திரும்பிப்போக இருந்த ஒரே வழி அந்தக் கறுப்பு ஒயர். கையில் இருந்த ஸ்பானரைப் போல்ட் தலையில் வைத்துப் பார்த்தார். அது வழுக்கினால் விழும் கீறல் நேற்றுப் பார்த்த கீறலோடு ஒட்டிப் பொருந்தியது. கீறினது அவர் கையேதான்.

ட்ராக்டரிலிருந்து ஒரு ஒயரை உருவி மோட்டாருக்கும் பேட்டரி மைனஸுக்கும் கட்டினார். பட்டனை அழுத்தினார். எஞ்சின் முனகிக்கொண்டே மேலே எழும்பியது. வீட்டுக்குள்ளிருந்து ராஜமாணிக்கம் ஓடிவந்தார்.

"பாத்தீங்களா மேஸ்திரி, அந்தப் பையன் போனதும் ஓடுது. இன்னா நோண்டி வச்சிருந்தான்?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. அப்பாசாமிக்கு அந்தத் தலையாட்டல் வரவில்லை. ஊரில் ஒருத்தன் பொய்யையும் விடாமல் வாழ்நாள் பூரா சண்டை போட்டவர்.

"அவன் ஒண்ணும் பண்ல. நான் ஒயர அறுத்ததுதான் கோளாறு. அவன் வேணாம்னு சொன்னான், நான் கேக்கல."

ராஜமாணிக்கத்துக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த எஞ்சினின் கோணல் தெரிந்து ஓட்டுகிறவன் அவன் ஒருத்தன்தான். அதிகாரி முன்னால் வேறு யார் ஓட்டுவது? "நீங்க சொல்லித்தானே மேஸ்திரி அவனை..." என்று ஆரம்பித்தார்.

"வூடு எங்க இருக்குது, அதச் சொல்லு."

நாலு தெரு தள்ளி. அப்பாசாமி சைக்கிளை மிதித்தார். பரசுராமன் வாசலில் பசுமாட்டுக்குக் கொம்பில் நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி வேதா கயிற்றைப் பிடித்திருந்தாள். பெரியவரைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த ஒயரு நான்தான் அறுத்தேன்," என்றார் அப்பாசாமி. "பைபர்ல பாடி எர்த் கெடையாது. எனக்குத் தெரியல. ராஜமாணிக்கத்துகிட்ட சொல்லிட்டேன். பன்னெண்டுக்கு ட்ராக்டர் கெளம்புது."

பரசுராமன் கொம்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நாலு பேரு எதிர்ல திருடன் கணக்கா அனுப்ப வச்சீங்க. இங்க நான் மட்டும்தான நிக்கறேன்."

"அந்த நாலு பேரு எதிர்லயே திரும்பச் சொல்றேன். வா."

"இன்னொரு கொம்பு பாக்கி இருக்குது." அவன் பெண்சாதியைப் பார்த்தான். வேதா கயிற்றைக் கொண்டுவந்து கிழவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பாசாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடு தலையை உதறியதில் வேட்டியெல்லாம் நீலம். திட்ட வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"ஆனா கார்பன் தேஞ்சிருந்தது நெசம். அதுல நான் தப்பு பண்ல."

"பண்லீங்க," என்றான் பரசுராமன். "தலைய நல்லா புடிங்க."