குப்பியில் கடல்புல்

மாநாட்டின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆஸ்லினுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இறால் வறுவல் வாடையால் இல்லை. பாம்பனில் மீன்பிடி வீட்டில் பிறந்தவளுக்கு இறால் வாடை குமட்டுமா? மண்டபம் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரை விடுதியின் புல்தரையில் தட்டும் கையுமாக நின்ற தாவரவியல்காரர்களைப் பார்த்துத்தான் குமட்டியது.

நிகழ்ச்சி நிரலில் அதற்குப் பெயர் ‘நட்பு மாலை’. பெயரைப் பார்த்து யாரும் ஏமாந்துவிட வேண்டாம். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. கண் முதலில் போவது கழுத்தில் தொங்கும் அட்டைக்கு. தங்கப் பட்டை என்றால் உரக் கம்பெனி ஆள், நீலம் என்றால் பேராசிரியர், பச்சை என்றால் ஆஸ்லினைப் போல ஆராய்ச்சி மாணவி. ஒரு பெரிய மனிதர் அவளிடம் கை நீட்டியவர், பச்சையைக் கண்டதும் அதே கையால் தன் காதைச் சொறிந்துகொண்டார். இன்னொருவர் மதியம் அவள் ஒட்டிவைத்திருந்த போஸ்டரின் மூலையில் குழம்புக் கையைத் துடைத்துவிட்டு, அருமையான வேலை என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார். பச்சைப் பட்டைகள், மற்ற எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று காலையிலேயே உத்தரவு. தின்ன முடியாமல் குப்பைத் தொட்டியில் கொட்டுகிற இறாலை ஒரு வலைக்காரன் பார்த்தால் வயிறெரிந்து செத்துப்போவான்.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனதற்குக் காரணம், மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவளுடைய உரை. பாம்பனுக்குத் தெற்கே இடுப்பளவுத் தண்ணீரில் அவள் இரண்டு வருடமாக வளர்த்துவந்த கடல்புல்லைப் பற்றி. வலைக்காரர்கள் அதைத் தாழை என்பார்கள். புல் இருக்கிற இடத்தில்தான் நண்டும் இறாலும் குஞ்சு பொரிக்கும். அந்தப் பக்கம் புல் அழிந்து ரொம்ப நாளாகியிருந்தது. மூங்கில் சட்டத்தில் தேங்காய்க் கயிற்றால் முந்நூறு கொத்து கட்டி, ஆஸ்லினும் அவள் அம்மா புஷ்பமேரியும் கையாலேயே கடலடியில் நட்டார்கள். அவளைப் பெற்ற அய்யா இன்னாசி சோடா டின்னைச் சில்லுச் சில்லாக வெட்டி, ஆணியால் எண் அடித்துக் கொடுத்தார். ஒன்று முதல் முந்நூறு வரை. ஊர்க்காரர்கள் மாதா கோயில் பூசை முடிந்து கூடிப் பேசி, புல்லை வாரிக்கொண்டு வரும் கரைவலையை இரண்டு வருடம் அந்த இடத்தில் இழுப்பதில்லை, நங்கூரம் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். போன மாதம் எண்ணியபோது இருநூற்று எண்பத்திரண்டு கொத்து உயிரோடு இருந்தது. இன்னும் ஒரே ஒரு கணக்கெடுப்பு முடிந்தால் ஆய்வேடு முடிந்தது, அவளுக்குப் பட்டம்.

அப்போதுதான் மைக்கில் விளையாட்டை அறிவித்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் ஒரு செடி, கழுத்தில் ரிப்பன், செடியோடு ஒரு எண். ஒன்றாம் எண்காரர் இரண்டாம் எண்காரரைத் தேட வேண்டும், மூன்று நான்கைத் தேட வேண்டும். கண்டுபிடித்ததும் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொள்ள வேண்டும். குப்பி இருநூற்று நாற்பது. பச்சைப் பட்டைக்குக் குப்பி கிடையாது.

பக்கத்தில் நின்ற நீலப் பட்டை அம்மாளின் கையில் இருந்த குப்பியை ஆஸ்லின் சும்மாதான் பார்த்தாள். உள்ளே உப்பில்லாத நல்ல தண்ணீரில் கடல்புல் துவண்டு கிடந்தது. அதன் அடியில் கட்டியிருந்த சோடா டின் சில்லில் நூற்றெழுபத்தேழு. அய்யா ஏழு அடித்தால் நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவார். உலகத்தில் வேறு யாரும் அப்படிச் சோடா டின்னில் ஏழு அடிப்பதில்லை. அது ஆஸ்லின் நட்ட புல்.

நிகழ்ச்சி ஏற்பாட்டுக்காரன் மாரீஸ்வரன் பரமக்குடிப் பையன், வெள்ளந்தி. அவனைத் தனியே இழுத்துக் கேட்டாள். அவன் பெருமையாகவே சொன்னான். குரோட்டன்ஸ் வைக்கலாம் என்றுதான் இருந்தானாம், சார்தான் இந்த யோசனையைக் கொடுத்தாராம்.

“கடலுக்குள்ளயே நம்பர் போட்டு ரெடியா இருக்குன்னு சொன்னாக. காலைல நாலு ஆள விட்டு அறுத்தோம். கரையில ஒரு ஈ காக்கா இல்லக்கா.”

எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே பூசைக்குப் போயிருந்தது. கேடுகெட்டவர்கள் நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அதுகூட இல்லை, அவர்களுக்கு அதுவும் தெரியாது. சும்மா வந்தார்கள், அறுத்தார்கள், போனார்கள்.

சார் என்றால் டாக்டர் அருள்முருகன். மாநாட்டின் அமைப்பாளர், ஆஸ்லினின் ஆய்வு வழிகாட்டி. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடென்றால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ரகம். அந்த மூங்கில் சட்டங்களுக்குப் பக்கத்தில் இடுப்பு நனைய நின்று ஆறு தடவை போட்டோ எடுத்துக்கொண்டவர். வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, இது அதைவிடக் கேவலம். மேய்கிற வேலிக்குப் பசியாவது இருக்கும்.

அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் எந்த எண் போனது, எந்த எண் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. இரண்டு வருடப் பழக்கம், கை தானாக நோட்டை எடுத்தது. மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு குப்பியின் எண்ணையும் வைத்திருப்பவரின் அட்டையில் இருந்த பெயரையும் எழுதினாள். அவளும் விளையாட்டை நடத்துகிறவள் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் சிரித்தபடி குப்பியை நீட்டினார்கள். பச்சைப் பட்டைக்கு இரண்டு நாளில் முதல் முறையாக மரியாதை கிடைத்தது. என்ன பரிசு என்று கேட்டவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். தன் ஜோடி உரக் கம்பெனி ஆளாகப் பார்த்து மாற்றித் தர முடியுமா என்று ஒருவர் காதோரம் கேட்டார். புல்லையே படித்துப் புல்லாலேயே சோறு தின்கிற இருநூற்று நாற்பது பேர். இது எந்தக் கடலில் இருந்து வந்தது, இதற்கு ஏன் எண் அடித்திருக்கிறது, இதை ஏன் நல்ல தண்ணீரில் போட்டுச் சாகடிக்கிறீர்கள் என்று ஒரு வாய் கேட்கவில்லை. சீ என்றிருந்தது.

ஒன்றாம் எண் குப்பி அருள்முருகன் கையில் இருந்தது. அவள் பேச வாயெடுப்பதற்குள் அவரே அவளை ஓரமாக அழைத்துப் போனார். அவருக்குக் கொஞ்சம் சங்கடம் இருக்கத்தான் செய்தது. அது, கொஞ்சம் அறுக்கச் சொன்னால் இத்தனையையும் அறுத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சமாளிக்கிற அளவுக்கான சங்கடம். போனது போகட்டும் என்றார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஹெலனிடம் அவளைப் பற்றிச் சொல்லியிருப்பதாகவும், பட்டம் கையில் வந்ததும் அங்கே வேலை நிச்சயம் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“கரைவலையில போச்சுன்னு எழுதிரும்மா. எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க? எந்த எக்ஸாமினரும் ஏன்னு கேட்க மாட்டான்.”

ஆஸ்லினுக்கு அந்த ஒரு வாக்கியத்தின் முழு நீளமும் கண்ணுக்குத் தெரிந்தது. வலையில் போனது என்று அச்சில் வந்தால் அடுத்த வருடம் எவனாவது அதை மேற்கோள் காட்டுவான். அதற்கடுத்த வருடம் கலெக்டர் ஆபீசில் ஒரு கூட்டம் போடுவார்கள். அப்புறம் பாம்பன் கரையில் எவனும் கரைவலை இழுக்கக் கூடாது. வாக்குக் கொடுத்து இரண்டு வருடம் காத்த ஊருக்கு, அந்த ஊர்ப் பிள்ளையே எழுதிக் கொடுத்த கூலி அதுவாக இருக்கும். எழுதாவிட்டால் கையெழுத்தும் இல்லை, பட்டமும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் சார் என்றாள். அப்படிச் சொன்ன தன் வாயே அவளுக்கு நாறியது.

திங்கட்கிழமை விடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். சட்டங்கள் அப்படியே இருந்தன. கயிறுகள் கத்தியால் அறுபட்டு மிதந்தன. நாற்பத்திரண்டு கொத்து மிச்சம். புஷ்பமேரி ஒரு சட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

“எவன் வலைடி?” என்று கேட்டாள்.

வலை இல்லை என்று ஆஸ்லின் நடந்ததைச் சொன்னாள். குப்பி, ரிப்பன், ஜோடி, செல்ஃபி, எல்லாம். புஷ்பமேரி நம்பவில்லை.

“படிச்ச மனுசங்க அப்பிடிச் செய்வாகளாடி? நம்ம ஆளு எவனையோ காப்பாத்தப் பாக்குற. ஒன் சித்தப்பன் பிரடெரிக்கா? அவன் வரட்டும், நான் கேக்குறேன்.”

எவ்வளவு சொல்லியும் அவள் தலையாட்டவே இல்லை. பெற்றவளே தன் ஊரின் மேல்தான் பழியைப் போட்டாள். படித்தவர்கள் மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை நினைக்க ஆஸ்லினுக்கு நேற்றைய இறால் குப்பையைவிட அதிகமாகக் குமட்டியது. ஈரப் பாவாடையோடு கரையேறி, பஸ் பிடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

பதினோரு மணி உரைக்குத் தலைமை அருள்முருகனேதான். ஹெலன் முதல் வரிசையில் இருந்தாள். ஆஸ்லின் நட்ட விதம், தண்ணீரின் ஆழம், வளர்ந்த அளவு எல்லாம் காட்டிவிட்டு, அழிவுக்கான காரணங்கள் என்ற பட்டியலுக்கு வந்தாள். அலையில் போனது பதினொன்று. நண்டு வெட்டியது ஏழு.

கரைவலையில் போனது: பூஜ்யம். அருள்முருகன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

நங்கூரத்தில் போனது: பூஜ்யம். இதற்கு மட்டும் அவள் கொஞ்சம் விளக்கம் சொன்னாள். போன ஐப்பசிக் காற்றில் பிரடெரிக் என்கிற அவள் சித்தப்பாவின் வள்ளம் எஞ்சின் நின்று இந்தப் புல்லுக்கு மேலேயே வந்துவிட்டது. நங்கூரம் போட்டிருந்தால் வள்ளம் தப்பியிருக்கும். அவர் போடவில்லை. வள்ளம் பாறையில் மோதிச் சுக்கான் உடைந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, சொன்ன சொல் என்னாவது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வரி: மாநாட்டு விளையாட்டில் போனது, இருநூற்று நாற்பது.

அருள்முருகன் நேரம் முடிந்ததென்று மணியை அடித்தார். இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பக்கத்தைத் திரையில் போட்டாள். எண்ணும் பெயருமாக முழுப் பட்டியல், பொடி எழுத்தில். ஒன்று: அருள்முருகன். இரண்டு: ஹெலன். ஹெலன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? எழுந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவர்களைப் போலத் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். இரண்டு பேர் போட்டோகூட எடுத்தார்கள்.

நாலாவது வரிசையில் ஒரு நீலப் பட்டை கையைத் தூக்கினார். மைக்கை அவரிடம் கொடுத்தார்கள். அறுபத்திரண்டாம் எண்ணில் தன் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ விடுபட்டிருப்பதாக அவர் வருத்தத்தோடு தெரிவித்தார்.

“திருத்திர்றேன் சார்” என்றாள் ஆஸ்லின். “மத்தபடி நீங்க வச்சிருந்தது அறுபத்திரண்டுதானே? சரிதானே?”

“சரிதான், அதெல்லாம் சரியா இருக்கு” என்று அவர் மைக்கிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.